இரும்புப் பாதரக்ஷைக்காரர் நடத்திய சட்டக் கலாசாலை

1930-ம் வருஷத்தில் பால்டிமோர் நகரத்து ரயிலடிக்குத் தினந்தோறும் விடியற்காலையில் ஒரு வாலிபன் வந்துகொண்டிருந்தான். நல்ல உயரம், கையில் கனமான புத்தகங்கள். அங்கிருந்து வாஷிங்டன் நகரம் சுமார் 40 மைல். போய்ச் சேர்ந்து பாடம் கேட்டு, புத்தகசாலையில் உட்கார்ந்து குறிப்பெழுதி, மறுபடியும் ரயிலேறி வீடு வந்து சேரும்போது ஊர் அடங்கியிருக்கும். அவனுடைய சம்பளத்தைக் கட்டுவதற்காகத் தாயார் தம் கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்திருந்தாள். நம் நாட்டிலும் எத்தனையோ பிள்ளைகள் தாயாரின் நகையை அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டுப் படித்திருக்கிறார்கள். ஆகையால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று நேயர்கள் நினைக்கலாம். அதிசயம் வேறொன்றில் இருக்கிறது. அந்தப் பால்டிமோரிலேயே மேரிலண்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த சட்டக் கலாசாலை ஒன்று இருந்தது. அந்த ராஜ்யத்து ஜனங்களின் வரிப்பணத்தில் நடந்தது. அந்த வாலிபனுடைய தகப்பனாரும் வரி கொடுத்தவர்தாம். ஆனால் வாலிபனின் தோல் கறுப்பு. கறுப்பு மனிதர்களுக்கு அங்கே இடமில்லை.

வாலிபனின் பெயர் தர்குட் மார்ஷல். பிற்காலத்தில், 1967 முதல் 1991 வரையில், அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்த முதல் கறுப்பு மனிதர் இவரே. ஆயினும் இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதன்று. அவர் தினந்தோறும் ரயிலேறிப் போனாரே, அந்தக் கலாசாலையைப் பற்றியது.

அதன் பெயர் ஹோவர்டு சர்வகலாசாலைச் சட்டப் பள்ளி. நேயர்கள் இதை ஹார்வர்டு என்று படித்துவிடக் கூடாது. ஹார்வர்டு பணக்காரர்களுடைய புகழ்பெற்ற பழைய சர்வகலாசாலை. எழுத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். 1930-ல் அந்த இரண்டு இடங்களுக்கும் அந்தஸ்தில் இருந்த தூரமோ வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் உள்ள தூரத்தைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடியும் தறுவாயில், விடுதலை பெற்ற அடிமைகளைக் கவனிப்பதற்காக அரசாங்கத்தார் ஓர் இலாகாவை ஏற்படுத்தினார்கள். அதன் தலைவராக இருந்தவர் ஜெனரல் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டு. அவர் பெயரால் 1867-ல் வாஷிங்டனில் இந்தச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. சட்டப் பகுதி 1869 ஜனவரியில் ஆரம்பமாயிற்று. தலைவராக வந்தவர் ஜான் மெர்ஸர் லாங்ஸ்டன் என்ற கறுப்பு வக்கீல். அவருடைய வாலிபத்தில் எந்தச் சட்டக் கலாசாலையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு வக்கீலிடம் தனியாகப் பாடம் கேட்டு, 1854-ல் ஒஹையோ ராஜ்யத்தில் சன்னது பெற்றவர். கதவு சாத்தப்பட்டவரே மற்றவர்களுக்குக் கதவு திறந்துவைத்தார். முதலில் வந்த மாணாக்கர்கள் 6 பேர். சொந்தக் கட்டடம் கிடையாது. சாயங்கால வேளைகளில் உபாத்தியாயர்களுடைய வீடுகளிலும் ஆபீஸுகளிலும் பாடம் நடந்தது. 1872-ல் சார்லட் ரே என்ற பெண்மணி இங்கே தேறி, அமெரிக்காவின் முதல் கறுப்புப் பெண் வக்கீலானாள். சட்டம் தெரிந்திருந்தும் கட்சிக்காரர்கள் வரவில்லை. சில வருஷம் பார்த்துவிட்டு நியூயார்க்குக்குத் திரும்பிப் போய்ப் பள்ளிக்கூட உபாத்தியாயினியாகிவிட்டாள். நம்முடைய தொழிலுக்கு இப்படியும் சில மேதைகள் வந்து சேருகிறார்கள்!

விடுதலை வந்ததே தவிர, சமத்துவம் வரவில்லை. 1892-ல் லூயிஸியானா ராஜ்யத்தில் ஹோமர் பிளெஸி என்ற செருப்புத் தொழிலாளி வெள்ளைக்காரருக்கென்று ஒதுக்கிய ரயில் வண்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்து கைதானார். அந்த அநியாயச் சட்டத்தைக் கோர்ட்டில் எதிர்ப்பதற்காகச் சிலர் கூடிச் செய்த ஏற்பாடு அது. (மறு வருஷம், 1893-ல், தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயிலடியில் ஓர் இந்தியப் பாரிஸ்டரை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட கதையை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.) பிளெஸியின் வழக்கு 1896-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஜனங்களைத் தனித்தனியே பிரித்துவைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் குற்றமில்லை என்று நீதிபதிகளில் 7 பேர் தீர்ப்பளித்தார்கள். ஹார்லன் என்ற ஒரே ஒரு நீதிபதி மறுத்து எழுதினார். அன்று முதல் ‘தனி, ஆனால் சமம்’ என்பது தேசத்தின் சட்டமாகிவிட்டது. தனி என்ற பாதியை அமல் நடத்தினார்கள். சமம் என்ற பாதி காகிதத்தோடு நின்றது. கறுப்புக் குழந்தைகளுக்குப் பல ஊர்களில் கூரை ஒழுகும் பள்ளிக்கூடம். வெள்ளைக் குழந்தைகளுக்குச் செங்கல் கட்டடம்.

இந்தத் தீர்ப்பைத் தகர்ப்பது எப்படி? படையெடுத்துத் தகர்க்க முடியாது. ஓட்டுப்போட்டுத் தகர்க்கலாமென்றால், தெற்கு ராஜ்யங்களில் கறுப்பர்களை ஓட்டுச் சாவடிப் பக்கமே நெருங்க விடுவதில்லை. மிச்சமிருந்த வழி கோர்ட்டு ஒன்றுதான். கோர்ட்டில் தகர்க்க வேண்டுமானால் வக்கீல்கள் வேண்டும். அதுவும் எதிர்க்கட்சியின் பெரிய வக்கீல்களுக்கு ஒரு படி மேலான வக்கீல்கள் வேண்டும். அவர்களை உண்டாக்குகிற இடம் எங்கே?

ஹோவர்டு சட்டப் பள்ளி அப்போது அப்படிப்பட்ட இடமாக இல்லை. அது ஓர் இரவுப் பள்ளிக்கூடம். பகலில் சர்க்கார் ஆபீஸுகளில் குமாஸ்தா வேலையும், இன்னும் தாழ்ந்த வேலைகளும் செய்தவர்கள், இரவில் வந்து படித்தார்கள். உபாத்தியாயர்களும் பெரும்பாலும் பகலில் தொழில் நடத்திவிட்டு இரவில் வந்து பாடம் சொன்னவர்களே. அமெரிக்க வக்கீல் சங்கத்தின் அங்கீகாரம் கிடையாது. 1926-ல் மார்டெக்காய் ஜான்ஸன் சர்வகலாசாலையின் முதல் கறுப்புத் தலைவராக வந்தார். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பிராண்டைஸ் அவரிடம், தமக்கு வரும் வாத அறிக்கைகளில் எது கறுப்பு வக்கீல் எழுதியது என்று படித்தவுடனேயே தெரிந்துவிடுகிறது, ஆகையால் முதலில் உண்மையான சட்டப் பள்ளி ஒன்றைக் கட்டுங்கள் என்று கூறியதாகச் சொல்லுவார்கள். கேட்பதற்குக் கசப்பான வார்த்தை. சிநேகிதர் சொன்ன கசப்பு.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். 1895-ல் வாஷிங்டனில் பிறந்தவர். ஆம்ஹர்ஸ்ட் கலாசாலையில் 1915-ல் சிறப்பாகத் தேறிவிட்டு, ஹோவர்டில் இங்கிலீஷ் உபாத்தியாயராக இருந்தார். முதல் மகா யுத்தம் வந்தது. சேனையில் அதிகாரியாகப் பிரான்ஸுக்குப் போனார். அங்கே எதிரியின் குண்டைவிடச் சொந்தப் படையின் துவேஷம் அவரை அதிகமாகச் சுட்டது. ஒரு நாள் இரவு வெள்ளைச் சிப்பாய்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு அவரையும் சகாக்களையும் கொன்றுவிடும் நிலைமை ஏற்பட்டு, மயிரிழையில் தப்பினார்கள். உயிரோடு ஊர் திரும்பினால் சட்டம் படித்து, திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காகப் போராடுவது என்று அவர் தீர்மானித்தது அங்கேதான். 1919-ல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். அதன் சட்டப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பு மாணாக்கர் இவர்தாம். டாக்டர் பட்டமும் பெற்று, மாட்ரிடில் சில காலம் படித்துவிட்டு, 1924 முதல் ஹோவர்டில் சட்டம் போதிக்கலானார். 1929-ல் சட்டப் பள்ளியின் உபதலைவரானார். தலைவர் என்று பெயருக்கு வேறொருவர் இருந்தாலும் காரியம் முழுவதும் இவருடையதே.

அவர் செய்த முதல் பெரிய காரியம் இரவுப் பள்ளியை மூடியது. இனிமேல் பகல் முழுவதும் வந்து, 3 வருஷம் வேறு வேலையின்றிப் படிக்கக்கூடியவர்களுக்கே இடம் என்றார். புத்தகசாலையைப் பெருக்கினார், முழு நேர ஆசிரியர்களை நியமித்தார். 1931-ல் வக்கீல் சங்கத்தின் அங்கீகாரமும், சட்டப் பள்ளிகள் சங்கத்தில் அங்கத்துவமும் கிடைத்தன.

நேயர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சரித்திரப் புத்தகங்களில் இது ஒரே வரியில் வெற்றியாக முடிந்துவிடுகிறது. ஆனால் இரவுப் பள்ளிக்கூடம் என்பது யாருக்காக இருந்தது? பகலில் உழைக்காவிட்டால் சாப்பாடு இல்லாதவனுக்காக இருந்தது. ஹூஸ்டனுடைய தகப்பனாரே பகலில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு இந்தப் பள்ளியில் இரவில் படித்து வக்கீலானவர். தகப்பனார் ஏறிய ஏணியை மகன் எடுத்துவிட்டார் என்று ஊரார் பேசினார்கள். பழைய மாணாக்கர்கள் கோபித்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர்களின் ஹார்வர்டைப் பார்த்துப் பிரதி எடுக்கிறார் என்றார்கள். அதில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது நம் தொழில். ஒரு வகுப்பை மூடினால் எந்தெந்தப் பிள்ளை வீட்டில் நின்றுவிடுவான் என்பது நமக்குத் தெரியும். அந்த வருஷங்களில் எத்தனை தபால் குமாஸ்தாக்களும் ஹோட்டல் சேவகர்களும் வக்கீல் ஆகும் ஆசையைக் கைவிட்டார்களோ, அவர்களுடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும், நடந்த காரியத்தைப் பார்க்கும்போது, ஹூஸ்டன் செய்தது சரி என்றே நமக்குப் படுகிறது. ஏனெனில் அவருக்கு வேண்டியிருந்தது நிறைய வக்கீல்கள் அல்ல. தோற்காத வக்கீல்கள் சிலர்.

இந்தச் சிலரை உண்டாக்குவதற்கு அவர் கையாண்ட முறை மிகவும் கடுமையானது. முதல் நாள் வகுப்பில் மாணாக்கர்களைத் தங்கள் வலது பக்கத்தில் இருப்பவனையும் இடது பக்கத்தில் இருப்பவனையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார். அடுத்த வருஷம் இதே நாளில் உங்கள் மூவரில் இருவர் இங்கே இருக்கமாட்டார்கள் என்பார். சொன்னபடியே மார்ஷல் வகுப்பில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் வரை வந்து சேரவில்லை. சாட்சியச் சட்டம் என்ற ஒரே பாடத்தில் அவர் வைத்த ஒரு பரீக்ஷை காலை 9 மணிக்கு ஆரம்பித்து மாலை 5 மணிக்கு முடிந்ததாக மார்ஷல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். (நம் மாணாக்கர்கள் மூன்று மணி நேரப் பரீக்ஷைக்கே முணுமுணுக்கிறார்கள்!) வைத்தியன் தன் தவறுகளைப் புதைத்துவிடலாம், வக்கீலால் அது முடியாது என்பது அவர் அடிக்கடி சொன்ன எச்சரிக்கை. மாணாக்கர்கள் அவருக்கு ‘இரும்புப் பாதரக்ஷை’ என்றும் ‘சிமெண்டுக் கால்சட்டை’ என்றும் பட்டப்பெயர்கள் வைத்தார்கள். பட்டப்பெயர் வைக்காத மாணாக்கர் எந்தத் தேசத்திலும் இல்லை. ஆனால் அந்தப் பெயர்களை முதுமையிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மாணாக்கர்கள் எல்லா உபாத்தியாயருக்கும் கிடைப்பதில்லை.

கடுமை மாத்திரம் இருந்தால் அது பரீக்ஷைக் கூடம். சட்டப் பள்ளி ஆகாது. ஹூஸ்டன் தம் மாணாக்கர்களைப் புத்தகத்தோடு நிறுத்தாமல் கோர்ட்டுகளுக்கும் சிறைச்சாலைகளுக்கும் அழைத்துச் சென்றார். சட்டம் என்பது புத்தகத்தில் எப்படி இருக்கிறது, மனிதன்மேல் விழும்போது எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாமே ஒரு சினிமாக் காமிராவைத் தூக்கிக்கொண்டு தென் கரோலினா கிராமங்களில் சுற்றி, வெள்ளையர் பள்ளிக்கூடத்தையும் கறுப்பர் பள்ளிக்கூடத்தையும் படம் பிடித்தார். வக்கீல் என்பவன் சமூகத்தைத் திருத்திக் கட்டும் எஞ்சினீயராக இருக்க வேண்டும். அப்படி இல்லாதவன் சமூகத்தின்மேல் படர்ந்த புல்லுருவி என்று அவர் சொல்லுவார். இந்த எஞ்சினீயர் உவமை ஹார்வர்டில் ரோஸ்கோ பவுண்டு என்ற பேராசிரியர் வகுத்த சித்தாந்தத்திலிருந்து வந்தது. ஆனால் ஹார்வர்டில் அது சித்தாந்தமாக இருந்தது. ஹோவர்டில் தினசரி வேலையாகிவிட்டது.

1933-ல் மார்ஷல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். இரண்டாவதாக வந்தவர் ஆலிவர் ஹில். இவ்விருவரும் பிறகு என்ன செய்தார்கள் என்பதை மேலே காண்போம். 1935-ல் ஹூஸ்டன் பள்ளியை விட்டு நியூயார்க்குக்குப் போய், கறுப்பு மக்களின் முன்னேற்றத்துக்காகப் போராடிய தேசீயச் சங்கத்துக்கு முழு நேர வக்கீலானார். வகுப்பில் தயாரித்த ஆயுதத்தை இனிக் களத்தில் உபயோகிக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்கே முதலில் அடிப்பது? இதில்தான் ஹூஸ்டனின் சாமர்த்தியம் இருக்கிறது. பிளெஸி தீர்ப்பை நேராகத் தாக்கினால் கோர்ட்டு பழைய தீர்ப்பையே உறுதிப்படுத்திவிடும் அபாயம் உண்டு. ஆகவே, ‘தனியே வையுங்கள், ஆனால் சமமாக வையுங்கள் என்றுதானே சட்டம்? எங்கே அந்தச் சமம்?’ என்று கேட்பதென முடிவு செய்தார். அதையும் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்காமல், சர்வகலாசாலைகளின் மேல்படிப்பில், முக்கியமாகச் சட்டக் கலாசாலையில் ஆரம்பித்தார். தெற்கு ராஜ்யங்களில் கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டக் கலாசாலை அநேகமாகக் கிடையவே கிடையாது. நாலு மாணாக்கர்களுக்காக ஒரு முழுச் சட்டக் கலாசாலையைக் கட்டி நடத்துவதானால் ராஜ்ய கஜானா தாங்காது. மேலும், நீதிபதிகளுக்குக் கிராமப் பள்ளிக்கூடத்தின் குறை புரியாமல் போகலாம்; சட்டக் கலாசாலை என்றால் எது உயர்ந்தது, எது மட்டம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் அல்லவா?

முதல் குறி மேரிலண்டு. டொனால்டு மரே என்ற கறுப்புப் பட்டதாரி, மார்ஷலுக்கு இடமில்லாதிருந்த அதே சட்டக் கலாசாலையில் சேர மனுச் செய்து மறுக்கப்பட்டார். 1935 ஜூன் மாதம் பால்டிமோர் கோர்ட்டில் ஹூஸ்டனும் மார்ஷலும் சேர்ந்து வழக்காடினார்கள். மரேயைச் சேர்த்துக்கொள்ள உத்தரவாயிற்று. 1936 ஜனவரியில் மேல் கோர்ட்டும் அதை ஆமோதித்தது. 1938-ல் மரே பட்டம் பெற்று வெளியே வந்தார். இன்று அந்தக் கலாசாலையின் புத்தகசாலைக்குத் தர்குட் மார்ஷலின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது மிஸௌரி. லாயிட் கெயின்ஸ் என்ற மாணாக்கரைப் பக்கத்து ராஜ்யத்தில் போய்ப் படி, சம்பளத்தை நாங்கள் கட்டுகிறோம் என்றார்கள். 1938-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஹூஸ்டன் வாதாடியபோது, மக்ரேனால்ட்ஸ் என்ற நீதிபதி நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஹூஸ்டன் குரலை உயர்த்தவில்லை. 6 பேர் அவர் பக்கமும் 2 பேர் எதிராகவும் தீர்ப்பாயிற்று: தன் எல்லைக்குள் வெள்ளையனுக்கு ஒரு படிப்பைக் கொடுக்கும் ராஜ்யம் அதைத் தன் எல்லைக்குள்ளேயே கறுப்பனுக்கும் கொடுக்க வேண்டும். மகத்தான வெற்றிதான். ஆனால் அடுத்த மார்ச்சு மாதம் கெயின்ஸ் சிகாகோவில் ஒரு நாள் மாலை வெளியே போனவர் போனவர்தாம். கொன்றார்களா, தாமே எங்கேனும் போய் மறைந்தாரா என்பது இன்றுவரையில் ஒருவருக்கும் தெரியாது. வக்கீல்களுடைய பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. கட்சிக்காரர்கள் செலுத்திய விலையையும் நாம் மறக்கலாகாது.

சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்குப் போகுமுன் ஹோவர்டில் ஓர் ஒத்திகை நடப்பது இந்தக் காலத்தில் வழக்கமாயிற்று. நாடகத்துக்கு ஒத்திகை கேள்விப்பட்டிருக்கிறோம். இது வாதத்துக்கு ஒத்திகை. பேராசிரியர்கள் நீதிபதிகளாக வரிசையாக உட்காருவார்கள். வாதாடப் போகிறவர் எழுந்து நின்று வாதத்தை ஆரம்பிப்பார். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் கேள்வி மேல் கேள்வியாக அம்பு பறக்கும். எதிர்க்கட்சி என்ன சொல்லும், எந்த நீதிபதி எங்கே குறுக்கிடுவார் என்பதையெல்லாம் இங்கேயே பார்த்துவிடுவார்கள். மாணாக்கர்களும் வந்து உட்கார்ந்து கேட்கலாம், கேள்வியும் போடலாம். உண்மையான வழக்கு, உண்மையான வக்கீல், நாளைக்கே உண்மையான கோர்ட்டு என்று இருக்கும்போது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணாக்கனுக்கு இதைவிடச் சட்டக் கல்வி வேறு என்ன வேண்டும்? 1938-ல் ஜேம்ஸ் நாப்ரிட் என்ற பேராசிரியர் குடியுரிமைச் சட்டத்தை ஒரு தனிப் பாடமாகவே நடத்தத் தொடங்கினார். அமெரிக்காவில் எந்தச் சட்டப் பள்ளியிலும் அதற்கு முன் அப்படி ஒரு பாடம் இருந்ததில்லை.

இவ்வளவு நியாயம் போதித்த இடத்திலும் ஓர் அநியாயம் இருந்தது. 1941-ல் பாலி மரே என்ற பெண்மணி வந்து சேர்ந்தார். (முன் சொன்ன மரேக்கு உறவில்லை.) வகுப்பில் அவர் ஒருவர்தாம் பெண். பெண்கள் எதற்காகச் சட்டம் படிக்க வருகிறார்களோ தெரியவில்லை என்று முதல் நாளே ஒரு பேராசிரியர் சொல்ல, வகுப்பு முழுவதும் சிரித்ததாம். பாலி மரே பதில் சொல்லவில்லை. 1944-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறியதுதான் பதில். முதலாவதாக வருகிறவர் மேல்படிப்புக்கு ஹார்வர்டு போவது வழக்கம். ஹார்வர்டு சட்டப் பள்ளியோ பெண் என்ற காரணத்தால் இவரைச் சேர்க்க மறுத்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டு எழுதிய கடிதமும் பலிக்கவில்லை. 1938-ல் வட கரோலினா சர்வகலாசாலை இவரைக் கறுப்பர் என்று மறுத்திருந்தது. 6 வருஷம் கழித்து ஹார்வர்டு பெண் என்று மறுத்தது.

நம் தேசத்தோடு இந்தக் கலாசாலைக்கு உள்ள தொடர்பும் இவர் காலத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஹோவர்டு சர்வகலாசாலைக் கோயிலின் தலைவராக இருந்த ஹோவர்டு தர்மன் 1935-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் யாத்திரை வந்தார். கொழும்புச் சட்டக் கலாசாலையில் அவர் பேசி முடித்ததும், உங்களை அடிமையாக்கியவர்களின் மதத்தையே சுமந்துகொண்டு ஏன் இங்கே வந்தீர் என்று ஒருவர் நேருக்கு நேர் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே அவர் பின்னால் ஒரு புத்தகம் எழுத நேர்ந்தது. 1936-ல் பர்தோலியில் மகாத்மாவைச் சந்தித்தார். தண்டி யாத்திரையில் கலந்துகொண்ட கிருஷ்ணலால் ஸ்ரீதராணி சத்தியாக்கிரகத்தைப் பற்றி எழுதிய இங்கிலீஷ் நூல் அமெரிக்க வாலிபர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் வளர்ந்தவர் பாலி மரே. 1943 ஏப்ரலில் ஹோவர்டு மாணாக்கர்கள் வாஷிங்டனில் கறுப்பர்களுக்குச் சாப்பாடு மறுத்த ஒரு போஜனசாலைக்குச் சென்றார்கள். பரிமாற மறுத்தவுடன் காலித் தட்டுகளோடு மேஜைகளில் உட்கார்ந்து அமைதியாகப் புத்தகம் படித்தார்கள். சட்டத்தின் எல்லை எது, எங்கே மீறக் கூடாது என்று ஆலோசனை சொன்னவர் பாலி மரே. சில நாட்களுக்குள் அந்தப் போஜனசாலை இறங்கி வந்தது. மறு வருஷம் வேறொரு போஜனசாலையிலும் இதே முறை வெற்றியடைந்தபோது, சர்வகலாசாலை நிர்வாகத்தார் இனி வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். மானியம் கொடுப்பது அமெரிக்கக் காங்கிரஸ் சபை. அதில் தெற்கத்தியர் பலம் அதிகம். மானியம் வாங்கும் கலாசாலைகளின் தைரியத்துக்கு எங்கும் ஓர் எல்லை உண்டு போலும்.

பாலி மரே கடைசி வருஷத்தில் ஒரு கட்டுரை எழுதினார். சமம் எங்கே, சமம் எங்கே என்று சுற்றிச் சுற்றிக் கேட்டது போதும். பிரித்துவைப்பதே அநீதி, பிளெஸி தீர்ப்பையே நேராகத் தாக்க வேண்டும் என்பது அவர் வாதம். வகுப்பில் சிரித்தார்கள். 25 வருஷத்துக்குள் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்துவிடும் என்று 10 டாலர் பந்தயம் கட்டினார். பந்தயத்தை ஏற்றுக்கொண்டவர் அவருடைய ஆசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்ஸன். 1939-ல் இதே பள்ளியில் மிகச் சிறப்பாகத் தேறியவர்.

இதற்கிடையில் டெக்ஸாஸ் வழக்கு வந்தது. ஹீமன் ஸ்வெட் என்ற தபால்காரர் 1946-ல் டெக்ஸாஸ் சர்வகலாசாலைச் சட்டப் பள்ளியில் சேர மனுச் செய்தார். அவரைச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காக ராஜ்யத்தார் அவசர அவசரமாக ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த சமயம், வெள்ளையர் பள்ளியில் 16 முழு நேர ஆசிரியர்கள், 850 மாணாக்கர்கள், 65,000 புத்தகங்கள். புதிய பள்ளியில் 5 ஆசிரியர்கள், 23 மாணாக்கர்கள், 16,500 புத்தகங்கள். 1950 ஜூன் 5-ம் தேதி நீதிபதிகள் ஏகமனதாக ஸ்வெட்டின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இந்தத் தீர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. புத்தகக் கணக்கோடு கோர்ட்டு நிற்கவில்லை. ஒரு சட்டப் பள்ளியின் பெருமை எண்ணிப் பார்க்கக்கூடியவற்றில் மட்டும் இல்லை. ஆசிரியர்களின் கீர்த்தி, பழைய மாணாக்கர்களின் செல்வாக்கு, நாளைக்குக் கோர்ட்டில் யாரோடு வாதாட வேண்டுமோ அவர்களோடு இன்று சேர்ந்து படிப்பது, இவை எல்லாம் சேர்ந்ததே சட்டக் கல்வி என்றது. ராஜ்யத்தின் ஜனத்தொகையில் 85 சதவீதமானவர்களை விலக்கிவைத்துவிட்டு ஒருவனுக்குச் சட்டம் கற்பிக்க முடியாது என்றது. இந்த நியாயத்தைச் சட்டப் பள்ளிக்கு ஒப்புக்கொண்ட பிறகு ஆரம்பப் பள்ளிக்கு எப்படி மறுப்பது? ஸ்வெட் உள்ளே போய்ச் சேர்ந்தார். ஆனால் இவ்வளவு வருஷப் போராட்டத்தில் உடம்பு கெட்டு, படிப்பை முடிக்காமலே வெளியேறினார்.

இந்தத் தீர்ப்பை ஹூஸ்டன் கேட்கவில்லை. 6 வாரங்களுக்கு முன், 1950 ஏப்ரல் 22-ம் தேதி, இருதய நோயால் காலமானார். வயது 54. வாஷிங்டன் நகரத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு நாவிதருடைய தலைமையில் பெற்றோர்கள் கொண்டுவந்த வழக்கை அவர் நடத்திக்கொண்டிருந்தார். நோய் முற்றியதும் அதை நாப்ரிட்டிடம் ஒப்படைத்தார். ராஜ்யங்களைக் கட்டுப்படுத்தும் 14-வது அரசியல் திருத்தம் தலைநகரத்துக்குப் பொருந்தாது, தலைநகரம் ராஜ்யமல்லவே! ஆகவே நாப்ரிட் 5-வது திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு, வேறொரு வழியாகக் கோட்டைக்குள் நுழைந்தார்.

நாலு ராஜ்யங்களின் வழக்குகளும் தலைநகரத்து வழக்கும் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தன. வர்ஜீனியா வழக்கை நடத்தியவர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்ஸனும். கன்ஸாஸ் வழக்கில் எழுந்து நின்றவர் ராபர்ட் கார்ட்டர், 1940-ல் ஹோவர்டில் தேறியவர். தலைநகரத்து வழக்கில் ஹோவர்டு ஆசிரியர்கள் நாப்ரிட்டும் ஜார்ஜ் ஹேஸும். எல்லோருக்கும் தலைவர் தர்குட் மார்ஷல். வாதத்துக்கு முன் எல்லோரும் பழையபடி ஹோவர்டில் ஒத்திகைக்குக் கூடினார்கள். 1954 மே 17-ம் தேதி 9 நீதிபதிகளும் ஒரே குரலில், பொதுப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகளைத் தனியே பிரிப்பது சமத்துவமாகாது என்று தீர்ப்பளித்தார்கள்.

ஹோவர்டு சட்டப் பள்ளி 1974 முதல் வாஷிங்டனில் வேறோர் இடத்தில் நடந்துவருகிறது. அங்குள்ள முக்கியக் கட்டடத்துக்கு ஹூஸ்டனின் பெயர். நம் துளசேந்திரபுரத்துப் பூர்விகமுள்ள கமலா ஹாரிஸ் 1986-ல் ஹோவர்டில் பட்டம் பெற்றதை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். அவர் அங்கே படித்தது சட்டமன்று, சட்டம் படித்தது கலிபோர்னியாவில்.

பாலி மரே பந்தயத்தில் ஜயித்தார். 25 வருஷம் தேவைப்படவில்லை, 10 வருஷமே போதுமாயிருந்தது. ஆனால் இன்னொரு விஷயம் அவருக்கு அப்போது தெரியாது. பல வருஷங்கள் கழித்து ராபின்ஸனைச் சந்தித்தபோது தம்முடைய பழைய கட்டுரை எங்கே போயிற்று என்று கேட்டார். 1954-ம் வருஷத்து வழக்குக்குத் தயார் செய்துகொண்டிருந்த நாட்களில் அதைத் தேடி எடுத்துப் படித்து உபயோகித்துக்கொண்டோம் என்று அவர் சொன்னார். அதுவரையில் ஒருவரும் அதை அவருக்குத் தெரிவிக்கவில்லை.